நாலறை வீட்டில் நீர்ச்செடித் தொட்டி: எந்த வழி யாருக்கு?

சிங்கப்பூரில் செடித்தொட்டி வைக்க நினைத்துக் கிளமெண்டியிலோ சிராங்கூன் நார்த்திலோ உள்ள மீன்கடைகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு படத்தோடு போகிறார்கள். தரையெங்கும் பச்சைப் புல்விரிப்பு, நடுவே கறுத்த கல், பின்னால் சிவந்த தண்டுச்செடிகள். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு அதற்குரிய சாமான்களை மேசையில் அடுக்குவார். கேட்டதைத்தான் கொடுக்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தில் உள்ள தண்ணீர் பெரும்பாலும் 22 முதல் 25 டிகிரி செல்சியஸ். நம் வீட்டுக் கூடத்தில், குளிரூட்டி ஓடாத பகலில், தொட்டித் தண்ணீர் 28-இல் தொடங்கி 30-ஐத் தொடும். எந்தச் செடி பிழைக்கும், எந்த மீன் வாடும், வாரத்தில் எத்தனை மணி நேரம் முழங்கை நனைய நிற்க வேண்டும் என்பதையெல்லாம் இந்த ஐந்து டிகிரிதான் முடிவு செய்கிறது.

சூடு ஏறினால் தொட்டிக்குள் எல்லாமே வேகம் பிடிக்கும். செடி வேகமாக மூச்சுவிடும், மீன் வேகமாகச் செரிக்கும், பாசியும் வேகமாகப் படரும். அதே நேரத்தில் தண்ணீர் பிடித்துவைக்கும் உயிர்வாயு குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5. செலவு கூடி வரவு குறைந்த குடும்பம் போன்ற நிலை இது. படத்தில் உள்ள பாணியை உலகம் முழுவதும் பரப்பிய தக்காஷி அமானோ (1954–2015) ஜப்பானில் பனி கொட்டும் நீகாத்தாவைச் சேர்ந்தவர். அங்கே குளிர்காலத்தில் தொட்டிக்கு ஹீட்டர் வேண்டும். நமக்குத் தேவை அதற்கு நேரெதிர்.

இங்கே நான்கு வழிகள் உண்டு: கரியமிலவாயு செலுத்தாத மெதுவான தொட்டி, அடியில் தோட்டமண் இட்ட தொட்டி, கரியமிலவாயு உருளை வைத்த வேகத்தொட்டி, சில்லர் என்னும் நீர்க்குளிர்விப்பானால் குளிர்வித்த தொட்டி. நான்கையும் ஒரே அளவில் பேசப்போவதில்லை. முதலாவதும் மூன்றாவதும்தான் பெரும்பாலான வீடுகளின் உண்மையான தேர்வு.

மெதுவான தொட்டி

அனுபியாஸ், கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன், பூசெஃபலாண்ட்ரா. இந்த நான்கு பெயர்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இவற்றுக்குப் பளிச்சென்ற விளக்கு வேண்டாம், வாயு வேண்டாம், வாரந்தோறும் கத்தரியும் வேண்டாம். அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்க ஆற்றோரச் செடி. 30 டிகிரிக்கு அசராது. அதன் தடித்த கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும், எனவே மரக்கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டவோ பசையால் ஒட்டவோ வேண்டும். ஜாவா ஃபெர்னுக்கும் இதே விதிதான், ஆனால் அது சூட்டை அவ்வளவு தாங்காது. தண்ணீர் நெடுநாள் 30-ஐத் தாண்டியே இருந்தால் இலைகள் கறுத்துக் கரையும். மேற்கு நோக்கிய கூடமுள்ள வீட்டில் ஜாவா ஃபெர்னைத் தவிர்த்து அனுபியாஸோடு நிற்பது நல்லது.

கிரிப்டோகோரைன் நம் பகுதிச் செடி. கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்டி வகை இலங்கையின் ஓடைகளில் பிறந்தது. சிங்கப்பூருக்கென்றே ஒரு வகை உண்டு: புக்கிட் தீமா இயற்கைக் காப்புக்காட்டின் ஓடையில் மட்டும் அறியப்பட்ட தீமாஹென்சிஸ் என்னும் கலப்பினம். அதைக் கடையில் தேட வேண்டாம், காட்டில் தொடவும் வேண்டாம். ஆனால் இந்தச் செடிக்குடும்பம் எந்தத் தட்பவெப்பத்தில் செழிக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாங்கிவந்து நட்ட முதல் இரண்டு வாரங்களில் கிரிப்டோகோரைன் இலைகள் கண்ணாடிபோலாகிக் கரைவதைப் பார்த்துப் பலர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். இடம் மாறினால் அது அப்படித்தான் செய்யும். வேர் உயிரோடு இருக்கும்வரை புது இலை வரும். வேரருகே உரவில்லை ஒன்றைச் செருகிவிட்டு விட்டுவிட வேண்டும்.

தண்டுச்செடி இல்லாமல் தொட்டி நிறையாது என்று தோன்றினால் நீர்ப்பிரமி போதும். சித்த மருந்துக் கடையில் ஞாபகசக்திக்கென்று விற்கிறார்களே, அதே செடிதான் மீன்கடையில் பக்கோபா என்ற பெயரில் கட்டுக்கட்டாகத் தொங்குகிறது. வாயு இல்லாமலே வளரும், கொஞ்சம் நெட்டையாக.

இந்த வழியின் குறை என்ன? பொறுமை. அனுபியாஸ் ஓர் இலை விட மூன்று நான்கு வாரங்கள் எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் தொட்டி வெறிச்சென்றே இருக்கும், விருந்தினர் ‘இன்னும் முடியவில்லையா?’ என்று கேட்பார்கள். அந்த வெறுமையைப் பொறுக்க முடியாமல் விளக்கு நேரத்தை 10 மணி நேரமாகக் கூட்டினால் அனுபியாஸ் இலைகளில் பச்சைப்புள்ளிப் பாசி ஒட்டிக்கொள்ளும். சுரண்டினாலும் எளிதில் போகாது. டைமர் போட்டு 6 அல்லது 7 மணி நேரத்தோடு நிறுத்த வேண்டும். நெரைட் நத்தைகள் நான்கைந்து இருந்தால் மீதிப் பாசியை அவை பார்த்துக்கொள்ளும். அவற்றின் வெள்ளை முட்டைகள் மரக்கட்டையெங்கும் எள் தூவியதுபோல் ஒட்டியிருப்பது சிலருக்குப் பிடிக்காது. எனக்கு உறுத்தவில்லை.

மண் தொட்டி

அடியில் ஓர் அங்குலத் தோட்டமண், மேலே ஓர் அங்குலம் மணல் அல்லது பொடிக்கல், முதல் நாளே நெருக்கமாக நடவு, ஜன்னல் வெளிச்சம், குறைந்த தண்ணீர் மாற்றம். அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் பெயரால் அறியப்படும் முறை இது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட மலிவு வேறில்லை. மண்ணில் மக்கும் பொருள்கள் கரியமிலவாயுவைச் செடிக்குத் தாமே கொடுக்கும்.

சிங்கப்பூரில் இரண்டு இடைஞ்சல்கள். நம் நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கும் பைமண் பெரும்பாலும் பூந்தொட்டிக்கானது. உரமணிகளும், மிதக்கும் வெண்துகள்களும் கலந்திருக்கும். தண்ணீருக்குள் போட்டால் அம்மோனியா ஏறும், மேற்பரப்பு குப்பையாகும். உரம் சேர்க்காத மண்ணைத் தேடிப் பிடித்து, சலித்து, நனைத்து உலர்த்திப் பயன்படுத்த வேண்டும். அடுத்தது, ஜன்னல். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் விழும் வெயில் முரடானது. தொட்டி ஒரு வாரத்தில் பச்சைத் தண்ணீராகும், சூடும் ஏறும். வடக்கு, தெற்கு ஜன்னல் உள்ள வீடுகளுக்கு மட்டுமே இதை நான் சொல்வேன். அதோடு, நட்டதைப் பிடுங்கி இடம் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வரவே கூடாது. ஒரு செடியை இழுத்தால் சேறு முழுவதும் மேலே வரும்.

உருளை வைத்த தொட்டி

அந்தப் புல்விரிப்புப் படம் வேண்டுமென்றால் இதுதான் வழி. வாயு செலுத்தாத தண்ணீரில் கரியமிலவாயு லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராமுக்குமேல் நிற்பது அரிது. விரிப்புச் செடிகளும் சிவப்புத் தண்டுச்செடிகளும் எதிர்பார்ப்பது 30-க்கு அருகில். அதற்காக உருளை, அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர், மின்வால்வு, குமிழ்எண்ணி, நுண்குமிழாக்கி என்று ஒரு சங்கிலியே வேண்டும். தண்ணீரில் வாயு எவ்வளவு என்பதைக் காட்ட ஒரு சிறு கண்ணாடிக் குமிழுக்குள் நிறம் மாறும் திரவம் இருக்கும்: நீலம் என்றால் போதாது, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வாயு தொடங்கி, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். இதை மின்வால்வும் டைமரும் செய்யும். மின்வால்வு இல்லாத மலிவு ரெகுலேட்டரை வாங்கி, இரவும் பகலும் வாயு விடுவது மீன்களை விடியற்காலையில் இழப்பதற்கான வழி. இரவில் செடிகளும் உயிர்வாயுவைத்தான் உட்கொள்கின்றன. 30 டிகிரித் தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு என்று மேலே சொன்னேன்.

சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த புட்டியில் வாயு தயாரிக்கலாமே என்று கேட்பார்கள். நம் வெப்பத்தில் ஈஸ்ட் முதல் சில நாள் பொங்கித் தள்ளும், பிறகு சோர்ந்துவிடும். ஏறி இறங்கும் வாயுவைப் பாசிக்குத்தான் பிடிக்கும். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேர்க்கும் உருளை அதைவிடச் சீரானது, சிறு தொட்டிக்குப் போதும்.

வாயு வந்தால் வெளிச்சம் கூட வேண்டும், வெளிச்சம் கூடினால் உரம் கூட வேண்டும். நைட்ரேட், பொட்டாசியம், பாஸ்பேட், இரும்பு என்று வாரம் முழுக்க அளந்து ஊற்றி, வார இறுதியில் பாதித் தண்ணீரை மாற்றுவது பலர் பின்பற்றும் முறை. இதில் ஒன்று குறைந்தாலும் பாசி அதைக் கண்டுபிடித்துவிடும். தண்டுச்செடிகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வெட்ட வேண்டும். விரிப்பைத் தடிக்க விட்டால் அடிப்பகுதி வெளிச்சமின்றி மக்கி, ஒருநாள் பாய்போல மொத்தமாக மேலே மிதந்து வரும்.

விரிப்புக்கு என்ன செடி என்பதிலும் வெப்பம் குறுக்கிடுகிறது. படங்களில் அதிகம் காணும் கியூபா விரிப்பு, மிகச் சிறிய இலைகளைக் கொண்டது, குளிர்ந்த தண்ணீரைத்தான் விரும்பும். 29, 30 டிகிரியில் திட்டுத்திட்டாக மஞ்சளாகும். மாண்டே கார்லோ அதைவிடச் சகிப்புத்தன்மை உடையது. இலை சற்றுப் பெரியது, படத்தில் உள்ள நுணுக்கம் வராது, ஆனால் உயிரோடு இருக்கும். கடையில் கியூபா விரிப்பை எடுத்துத் தருகிறவரிடம் ‘உங்கள் காட்சித்தொட்டியில் தண்ணீர் எத்தனை டிகிரி?’ என்று கேட்டுப் பாருங்கள். அடியில் சில்லர் ஒன்று உறுமிக்கொண்டிருப்பது அப்போது கண்ணில் படும்.

இவ்வளவு சொன்னாலும், இந்தத் தொட்டியின் இன்பத்தை மறுக்க மாட்டேன். மதியம் இலைநுனிகளிலிருந்து உயிர்வாயுக் குமிழ்கள் மணிமணியாகக் கிளம்பும்போது எதிரே உட்காரும் பிள்ளைகள் கைபேசியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். செடி வெட்டுவது உங்களுக்குச் சுமையாகத் தெரியாமல் ஓய்வாகத் தெரிந்தால், இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

விசிறியா, சில்லரா

தண்ணீர்ப்பரப்பின் மேல் காற்றடிக்கும் சிறு விசிறி, ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். நம் ஈரப்பதத்தில் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. காற்று ஏற்கெனவே நீரை நிறையச் சுமந்திருக்கிறது. விலை கொஞ்சம், மின்சாரம் அதைவிடக் கொஞ்சம். ஆனால் இரண்டடித் தொட்டியில் நாள்தோறும் ஒரு லிட்டர் அளவுக்கோ அதற்கு மேலோ நீர் ஆவியாகும். தினமும் ஊற்ற ஆள் வேண்டும். மூடியைத் திறந்து வைக்க வேண்டியிருப்பதால் குதிக்கும் மீன்கள் தரையில் கிடக்கும் வாய்ப்பும் உண்டு.

சில்லர் வேண்டிய அளவுக்குக் குளிர்விக்கும். ஆனால் தொட்டியிலிருந்து எடுத்த சூட்டைக் கூடத்துக்குள்ளேயே தள்ளும். தொட்டி வைக்கும் அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தன் சூட்டைத் தானே மூச்சிழுத்து ஓயாமல் ஓடும். 150 வாட் சில்லர் நாளில் பாதி நேரம் ஓடுவதாக வைத்தால் மாதம் 54 யூனிட். யூனிட்டுக்கு ஏறத்தாழ 30 காசு என்று கொண்டால் மாதம் 16 வெள்ளி, ஆண்டுக்கு 190 வெள்ளிக்கு மேல். ஒப்பிட்டுப் பார்க்க, 30 வாட் எல்இடி விளக்கு 7 மணி நேரம் எரிந்தால் மாதம் 2 வெள்ளிகூட ஆகாது. கிறிஸ்டல் ரெட் வகை இறால்களும் நுண்ணிய மாஸ் செடி வகைகளும் வளர்க்கிறவர்களுக்கு வேறு வழியில்லை, அவை 22 முதல் 24 டிகிரி கேட்பவை. செர்ரி இறாலோடு திருப்திப்படுகிறவர்களுக்கு விசிறி போதும். வெறும் செடியழகுக்காகச் சில்லர் வாங்குவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அந்தப் பணத்தில் சூடு தாங்கும் செடிகளை வாங்கலாம்.

மீனுக்கும் இதே கணக்குத்தான். நியான் டெட்ரா எல்லாக் கடையிலும் மலிவாக நீந்துகிறது, ஆனால் அது குளிர்ச்சியை விரும்பும். கார்டினல் டெட்ரா வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்கும். என் தேர்வு ஹார்லிகுயின் ரஸ்போரா. நம் காட்டோடைகளிலும் வாழ்கிற மீன் அது. இந்த நாட்டுத் தண்ணீருக்கு அதைப் பழக்க வேண்டியதில்லை.

எந்த வழிக்கும் பொதுவானவை

குழாய்த்தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பது ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் தண்ணீரில் இருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின். அது ஓரிரவில் பறக்காது. அதை முறிக்கும் மருந்து கட்டாயம், அதிலும் முறியும்போது வெளிப்படும் அம்மோனியாவையும் கட்டும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். வாளியை மூடாமல் நாட்கணக்கில் பின்கட்டில் வைப்பது டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அழைப்பு. தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து பார்த்தால், மீனுக்காக வைத்தேன் என்ற விளக்கம் எடுபடாது. விரிப்புச் செடியைத் தண்ணீர் நிரப்பாமல் ஈரமண்ணிலேயே சில வாரம் வளர்த்தெடுக்கும் முறையைப் பின்பற்றுகிறவர்களுக்கும் இது பொருந்தும்: நீர்மட்டம் மண்ணுக்குக் கீழேயே இருக்க வேண்டும், மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் இடைவெளியின்றி மூடியிருக்க வேண்டும்.

அளவு: 60, 30, 36 சென்டிமீட்டர் கொண்ட இரண்டடித் தொட்டி 65 லிட்டர். கண்ணாடி, மண், கல் சேர்த்தால் 100 கிலோவை நெருங்கும். வீடுகளின் தரை பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பயன்பாட்டுச் சுமையைக் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்படுகிறது. இரண்டடித் தொட்டியைச் சுவரோரம் வைத்தால் கவலையில்லை. நாலடித் தொட்டி 400 கிலோவைத் தாண்டக்கூடும், அதற்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமோ (வீவக) பொறியாளரிடமோ கேட்டுவிட்டு வாங்க வேண்டும். ஓரடித் தொட்டி மேசைக்கு அழகு, ஆனால் 20 லிட்டர் தண்ணீர் குளிரூட்டி போட்டால் குளிரும், அணைத்தால் கொதிக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது எளிது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ஊருக்குப் போகும் மூன்று வாரம்

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்விதான் கடைசித் தீர்ப்பு. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை, இடையில் ஒரு கல்யாணம், ஒரு பொங்கல். தொட்டியை யார் பார்ப்பார்கள்?

மெதுவான தொட்டி இதைச் சமாளிக்கும். விளக்கை 5 மணி நேரமாகக் குறைத்து, விசிறியை நிறுத்தி, மூடியைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். வளர்ந்த சிறுமீன்கள் ஒரு வாரம் உணவின்றியே தாங்கும். அதற்குமேல் தானியங்கி உணவூட்டி ஒன்று போதும், புறப்படுவதற்கு முன் ஒரு வாரம் ஓடவிட்டு அளவைச் சரிபார்த்துக்கொண்டால். பணிப்பெண்ணிடமோ எதிர்வீட்டு அக்காவிடமோ ஒப்படைப்பதென்றால் உணவுப் புட்டியைக் கொடுக்கவே கூடாது. மீன் பசியோடு பார்ப்பதாக நினைத்து அள்ளிப் போடுவார்கள், அன்பில் செத்த மீன்கள் ஏராளம். ஒரு நாளுக்கு ஒரு சிறு பொட்டலம் என்று கட்டி, மற்றதை ஒளித்துவைப்பதே வழி.

உருளைத் தொட்டியில் இதே மூன்று வாரம் வேறு மாதிரி போகும். உரம் நிற்கும், வெட்டு நிற்கும், நடுவில் உருளை காலியானால் வாயுவும் நிற்கும். விளக்கு மட்டும் நிற்காது. திரும்பி வரும்போது விரிப்பின் மேல் கருந்தாடிப் பாசி அடர்ந்திருக்கும். கிளம்புவதற்கு முன் கடுமையாக வெட்டி, உருளையை நிரப்பி, வெளிச்சத்தைப் பாதியாக்கினால் சேதம் குறையும். இல்லாமல் போகாது. விஷயம் தெரிந்த ஒருவர் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார் என்ற உறுதி இருந்தால் மட்டுமே, ஆண்டுக்கு இரண்டு முறை ஊருக்குப் போகும் குடும்பம் இந்த வழியில் இறங்கலாம்.

ஆகவே சிறு பிள்ளைகளும் இரண்டு வேலைகளும் உள்ள வீட்டுக்கு, இரண்டடித் தொட்டியில் கிரிப்டோகோரைன், அனுபியாஸ், பத்துப் பன்னிரண்டு ரஸ்போரா என்பதே என் பரிந்துரை. ஓராண்டு கழித்தும் ஆர்வம் குறையவில்லையென்றால் அதே தொட்டியில் உருளையைச் சேர்க்கலாம், எந்தச் செடியையும் எடுக்க வேண்டியதில்லை. உருளையிலிருந்து மெதுவான வழிக்கு இறங்குவதுதான் கடினம். வாயுவை நிறுத்தியதும் விரிப்பும் சிவப்புச் செடியும் சில வாரங்களில் கரையத் தொடங்கும், தொட்டியை ஏறக்குறைய முதலிலிருந்து நட வேண்டியிருக்கும். பணி ஓய்வு பெற்றவர்களுக்கும், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கும் இந்த எச்சரிக்கை அவ்வளவு பொருந்தாது, அவர்கள் நேராக உருளைக்கே போகலாம்.

எந்த வழியானாலும் வெட்டிய தண்டுகளையும், வேண்டாமற்போன மீன்களையும் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடக் கூடாது. விலங்குகளை அனுமதியின்றி வெளியில் விடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெட்டிய செடிகளை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பைப்பையில் கட்டிப் போடலாம். மீன்களை வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், சிலர் இலவசமாகத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.